மூன்றாவது பொருத்து

மரச்செவி என்ற கருவி வந்தபிறகு மணப்பாட்டில் புதிதாக எண்ணெய் பூசிய கதவுக்கு அருகில் யாரும் வாய் திறப்பதில்லை. எண்ணெய் காயும்போது பக்கத்தில் எழும் ஒலியின் அதிர்வும் அதோடு சேர்ந்து உறைந்துவிடுகிறது. உள்ளங்கை அகலத் தகட்டை மரத்தில் ஒட்டினால் கருவி அதைப் பேச்சாக மீட்டுக் கொடுத்துவிடும். சுவருக்குக் காது உண்டு என்று சொல்லிவைத்தவர்கள் மரத்தைக் கோட்டைவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போது காப்பிக்கு முன்னால் கட்டிலில் தகட்டை ஒட்டிக் கேட்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை போட வேண்டுமானால் கடற்கரைக்குப் போகிறார்கள். மணல் எதையும் வைத்துக்கொள்வதில்லை.

சட்டமும் வந்தது. பழைய மரப்பொருளை வாங்க வருகிறவர், விற்கிறவர் முன்னிலையில் அதை முழுக்கக் கேட்க வேண்டும். கேட்டதாகக் கருவியிடம் வாயால் சொன்னால்தான் விற்பனை செல்லும். கேட்டதெல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறும். தன் பொருளைத் தானே கேட்டுச் சொல்லும் சாட்சி மட்டும் செல்லாது.

அந்தச் சட்டத்தை நம்பித்தான் பெனிற்றா, கஸ்பாரின் வாசலில் கிடந்த வள்ளத்தைப் பார்க்க வந்தாள். பழைய வள்ளங்களை வாங்கிப் புதுப்பிப்பது அவள் தொழில். ஆனால் இது அவள் அப்பா இஞ்ஞாசியின் வள்ளம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நடுக்கடலில் தண்ணீர் ஏறி அப்பா போய்ச் சேர்ந்தார். கூடப் போன அவர் தம்பி கஸ்பார் நீந்திக் கரையேறினார்; பின்னால் கரை ஒதுங்கிய வள்ளம் அவர் வாசலுக்கு வந்தது. பலகைகளுக்கிடையே தண்ணீர் புகாமல் அடைத்த பஞ்சைச் சித்தப்பாதான் பிடுங்கினார் என்று ஊர்க்கூட்டத்தில் பெனிற்றா அழுது சொன்னாள். ஆதாரமில்லாததால் ஜெயில் இல்லை. ஊர் அவர் வீட்டில் கை நனைப்பதை நிறுத்தியது. அவர் மகளுக்குப் பேசிய சம்பந்தம் முறிந்தது. அது போதாது என்பது பெனிற்றாவின் எண்ணம். அன்றிலிருந்து 'சித்தப்பா' என்ற சொல் அவள் வாயில் வந்ததில்லை.

"ஒரு தடவ எண்ணெய் பூசியிருக்கலாம்லா? இப்படியா அழுக விடுவீரு?" என்றாள்.

"வாங்க வந்தியா, வாயடிக்க வந்தியா?"

அவள் குனிந்து பார்த்தாள். வாங்கலாமா, விறகுக்கு விடலாமா என்று தொழில்காரியின் கண் தனியாகக் கணக்குப் போட்டது. அடிமரம் தேறும். பலகையில் பாதி தேறாது. முன்பக்கம் பலகைகள் சேரும் மூன்றாவது பொருத்தில் பஞ்சு ஒரு இழைகூட இல்லை. பிடுங்கியிருந்தால் பலகை ஓரத்தில் உளி பட்ட வடு இருக்கும், அதுவும் இல்லை. உப்புத் தண்ணீர் தேய்த்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். புது எண்ணெய் பூசினால் பழைய ஒலி அழிந்துவிடும் என்பது ஊரறிந்த விஷயம். குற்றமுள்ளவன் அதையல்லவா முதலில் செய்திருப்பான் என்றும் ஒரு யோசனை வந்தது. அதையும் தள்ளிவிட்டுத் தகட்டை ஒட்டினாள்.

முதலில் பஞ்சை அடித்து இறக்கும் கொட்டாப்புளியின் சத்தம். அவள் உடம்பு அதை அடையாளம் கண்டது. கடைசிப் பயணத்தன்று காலை அப்பா உள்பக்கம் எண்ணெய் பூச, வெளியே பஞ்சு அடித்தது அவள்தான். ஒரு பொருத்து முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. பிறகு அடி விழவில்லை. மாதா கோவில் பக்கமிருந்து பேண்டு வாத்தியம் கேட்டது.

"மூணாவது பொருத்து அடிச்சாச்சா மக்ளே?"

"அடிச்சாச்சுப்பா."

பத்தொன்பது வயதுக் குரல், சப்பரம் பார்க்க ஓடுகிற அவசரத்தில் இருந்தது. அதன்பின் அலைச் சத்தம்; எண்ணெய் கடலிலும் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. கஸ்பாரின் குரல் கத்தியது: "அண்ணே, மூணாவது பொருத்துல தண்ணி ஏறுது!"

"புள்ள அடிச்சாச்சுன்னு சொல்லிட்டால்லா. அது இல்ல. வேற எங்கயாச்சும் பாரு."

இருவரும் வேறு எங்கெங்கோ தேடினார்கள். அது நெடுநேரம் ஓடியது. பெனிற்றா தகட்டைப் பிடுங்கவில்லை, கை வரவில்லை. பஞ்சு தீர்ந்துபோனது அவளுக்கு இப்போது நினைவு வந்தது. வள்ளம் இறங்குமுன் சாயங்காலம் வந்து அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்ததும் வந்தது. பன்னிரண்டு வருஷம் ஊருக்குச் சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்ட பொய் அவள் குரலாலேயே உடைந்தது.

'முழுவதும் கேட்டீர்களா?' என்றது மரச்செவி.

அவள் பெட்டியில் எண்ணெய் இருந்தது. பூசினால் எல்லாம் அழியும். ஆனால் உரிமையாளர்தான் பூசலாம். உரிமையாளராக வேண்டுமானால் கேட்டதாகச் சொல்ல வேண்டும். சொன்னால் பதிவேட்டில் ஏறிவிடும்.

"நீ வேண்டாம்னு போனா நாளைக்கு வேற ஆளு வாரான். அவனும் கேப்பான்," என்றார் கஸ்பார். "என் வள்ளத்த நானே கேட்டுச் சொன்னா எவன் ஏத்துக்கிடுவான்? அழுகினாலும் பரவால்லன்னு பூசாமப் போட்டு வச்சிருந்தேன்."

அவர் முகத்தில் இரக்கம் ஒரு துளியும் இல்லை. அதை எதிர்பார்க்க அவளுக்கும் யோக்கியதை இல்லை.

"கேட்டாச்சு," என்றாள் மரச்செவியிடம்.

கஸ்பார் எழுந்து வந்து அந்த வெறும் பொருத்தில் விரலை நுழைத்தார்.

"அண்ணன் உன்கிட்ட ஒரு தடவதான் கேட்டாரு, நம்பிட்டாரு," என்றார். "நான் ரெண்டாந்தடவ கேக்கேன். கேட்டாச்சா?"