இப்போதைக்கு ஒரு கம்பி

செவ்வாயில் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பது சுலபம். காற்று பிடிப்பதுதான் கஷ்டம். நானூறு பேருக்கு மூன்று மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். பூங்கோதை மகள் கல்யாணத்துக்கு ஒழுங்காகப் பதிவு செய்திருந்தாள். அந்தக் காற்றைத் தயாரிக்கும் காற்றூட்டி நிலையத்துக்குத் தலைமைப் பொறியாளரும் அவள்தான். என்ன பயன்? முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கருகிய மின்சுற்றுப் பலகையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குத் திறன்திருத்தி என்று பெயர். மின்சாரத்தை வீணாக்காமல் சீராக இழுத்துக் காற்றூட்டும் மோட்டாருக்குக் கொடுக்கும். மின்னோட்டம் அளவு மீறினால் அதிலுள்ள காவல் சில்லு கண்ணிமைக்கும் முன் நிறுத்திவிட வேண்டும். ஒரே வாரத்தில் மூன்று பலகைகள் எரிந்தும் காவல் சில்லு கண்டுகொள்ளவில்லை. சில்லை மாற்றியாயிற்று, மென்பொருளை மாற்றியாயிற்று, சலிக்கச் சலிக்கத் திட்டியும் ஆயிற்று. மிச்சம் ஒரே ஒரு பலகை. அடுத்த சரக்குக் கப்பல் வர எட்டு மாதம். இதுவும் போனால் அதுவரை ஊரே நிலவறையில் முகமூடியோடு கிடக்க வேண்டியதுதான்.

கடைசிப் பலகையைப் பொருத்தத் தயாரானது சுருளி, நிலையத்தின் ரோபோ. முதலில் அரிசி அளவு மின்தடை ஒன்றின் மேல் செம்புக் கம்பியை வைத்து சால்டர் செய்தது.

பூங்கோதைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய்! என்ன பண்றே? மின்னோட்டம் எவ்வளவுன்னு சில்லு அதுல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கும். கம்பி போட்டா அதுக்குக் கண்ணைக் கட்டின மாதிரி!"

"ஒவ்வொரு பலகைக்கும் போடறதுதானேக்கா? நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்."

"நானா?"

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி. மிஷின் அடிக்கடி நின்னுச்சு. பாப்பாவுக்குக் காதுகுத்து, இப்போதைக்கு இருக்கட்டும், முடிஞ்சதும் எடுத்துடலாம்னீங்க. எடுக்கச் சொல்லவே இல்லை."

பூங்கோதைக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். "இனிமே இதைத் தொட்டே, உன்னைப் பிரிச்சுப் போட்டுடுவேன்."

கம்பியில்லாமல் இயக்கினார்கள். மூன்றாவது நொடியில் காவல் சில்லு மோட்டாரை நிறுத்தியது. பலகை பிழைத்தது. அளவுகளைப் பார்த்ததும் உண்மையான வியாதியும் தெரிந்தது: பலகைக்கு முன்னாலிருக்கும் பெரிய மின்சுருள் வெந்துபோயிருந்தது. மாற்றுச் சுருள் கையில் இருக்கிறது. மாற்ற ஆறு மணி நேரம் ஆகும்.

அப்போது மண்டபத்திலிருந்து கணவர் மாசிலாமணி அழைத்தார். "எல்லாரையும் முகமூடி போடச் சொல்றாங்க! நாயனக்காரர் முகமூடியோட எப்படி ஊதுவாரு? சம்பந்தி மூஞ்சியை நிமிர்ந்து பார்க்க முடியலை. நீ அங்க என்னதான் பண்றே?"

"பூப்பறிச்சுக்கிட்டிருக்கேன்!" என்று கத்திவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

போன மூன்று பலகைகளும் கம்பி இருந்ததால் எரியும் முன் இரண்டு நாளாவது ஓடின. கல்யாணத்துக்கு மூன்று மணி நேரம் போதும். பூங்கோதை சுவரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து தரையில் கிடந்த கம்பியைப் பொறுக்கினாள்.

"சுருளி, இப்போதைக்கு இதை வை. கல்யாணம் முடிஞ்சதும் எடுத்துடலாம்."

சுருளிக்குக் கிண்டல் செய்யத் தெரியாது. அதன் நினைவகத்தில் இருந்ததை வைத்துத்தான் கேட்டது.

"சரிக்கா. வளைகாப்பு வரைக்கும் தாங்குற மாதிரி கொஞ்சம் தடிச்ச கம்பியாப் போட்டுடட்டுமா?"