பத்து மணிப் படபடப்பு

"அத்தைக்குச் செக்கப் முடிஞ்சதும் நான் அப்படியே லேபுக்குப் போயிடறேங்க..."

"வீட்டுக்குத்தான்! இனிமே வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!" கணவன் செருப்பைத் தேடியபடியே கத்தினான். "நீ படி இறங்கினாலே அம்மாவுக்கு நெஞ்சு படபடக்குது. பேஸ்மேக்கர் வெச்ச உடம்பு... கொல்லப் பார்க்கிறியா?"

கொல்லவாம்! குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவளுக்குக் கிடைத்த பட்டம்! போன மாதம் பதினோரு நாள் வேலைக்குக் கிளம்பினாள். பதினோரு நாளும் பத்தரைக்கெல்லாம் போன் வந்து, பாதியில் ஓடிவந்தாள். நாளைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக லேபில் சொல்லிவிட்டார்கள். மாமியாரோ தலையைக் குனிந்தபடி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்காக ஒரே ஒரு வார்த்தை பேசக் கூடாதா என்று இவள் பொருமினாள்.

ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் பெண், மாமியாரின் இடது தோளுக்குக் கீழே வட்டமான கருவி ஒன்றை வைத்துத் திரையைப் பார்த்தாள்.

"பேஸ்மேக்கர் நல்லாத்தான் இருக்கு. ஆனா பதினோரு நாள், காலையில பத்து மணிக்கு... பக்கத்துல காந்தம் வெச்சீங்களாம்மா? காந்தம் பட்டா இது ஒரே வேகத்துல அடிக்க ஆரம்பிச்சிடும். அதான் படபடப்பு."

"எங்க வீட்டுல ஏது காந்தம்?" என்றான் கணவன்.

மாமியாருக்கு முகம் வெளிறிவிட்டது. பையிலிருந்து துணியில் பொதிந்த காந்தத் துண்டு ஒன்றை எடுத்தாள். மேலெல்லாம் குண்டூசி! நாற்பது வருஷம் தையற்காரியாக இருந்தவள். தைக்க உட்கார்ந்தால், குண்டூசி ஒட்டிவைக்க அது இடது தோளில்தான் இருக்கும்.

"பேஸ்மேக்கர் வெச்சதும் தைக்கக் கூடாதுன்னு நீதான் மெஷினைப் பூட்டிட்டியே... இவ கிளம்பினதும் ஒளிஞ்சு ஒளிஞ்சு கையால தைச்சேன்டா. சொன்னா திட்டுவியேன்னு வாயை மூடிக்கிட்டேன். பழியெல்லாம் இவ தலையில விழுந்துச்சு... பார்த்துக்கிட்டே இருந்தேன், பாவி!"

"சொல்லியிருக்கலாமே அத்தை!" மருமகள் வெடித்தாள். "என்னை ஜெயில்ல போட்ட மாதிரி போட்டுட்டீங்களே... அப்படி என்னதான் தைச்சீங்க?"

"உனக்குத்தாம்மா... வெள்ளைக் கோட்டு. பழசு முழங்கையில கிழிஞ்சிருந்துச்சே..."

அதற்குமேல் கோபத்தை எங்கே வைத்திருப்பது? மாமியாரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"தைக்கலாம்மா, தாராளமா! காந்தம் மட்டும் நெஞ்சுப் பக்கம் வரக் கூடாது" என்றாள் டெக்னீஷியன்.

"என்னை மன்னிச்சிடும்மா..." கணவன் மனைவியிடம் முணுமுணுத்தான்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். முதல்ல மெஷின் சாவியைக் கொடுங்க!"

மறுநாள் காலை. புதுக் கோட்டுக்கு இன்னும் ஒரு கை பாக்கி. மருமகள் கிழிந்த கோட்டோடுதான் படியிறங்கினாள். மூன்றாவது படியில் தயங்கி நின்றாள். இன்றைக்கும் பத்தரைக்குப் போன் வந்துவிடுமோ...

உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

"என்னடி நிக்கிறே? போ! சாயங்காலம் கோட்டு ரெடியா இருக்கும்!"

அவள் போனாள்.