நோராவின் பத்தாவது பிணம்

"சிரிங்க சார்... லேசா சிரிச்சாப் போதும்!"

கோவிந்தராஜன் சிரிக்கவில்லை.

"சார்ர்ர்! கேமரா ஓடிட்டிருக்கு!"

ஊஹும்!

பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் மூடிக் கிடந்த ஒரு முலாம் பட்டறை. நடுவில் இரண்டு பாய். பாய்க்கு ஒன்றாக இரண்டு பிணங்கள். வெப் சீரிஸ் பிணங்கள்தான், பயப்படாதீர்கள்! சாவுக் காட்சி எடுத்தால், எடுத்த கையோடு அந்த நடிகரைச் சிரிக்க வைத்தும் ஒரு ஷாட் எடுத்துவிட வேண்டும். தோஷம் கழிய சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த வழி அது.

முதல் பிணம் எழுந்து உட்கார்ந்து பளிச்சென்று சிரித்துவிட்டது. பெயர் நோரா. வயது இருபத்து நாலு. ஊர் அமெரிக்கா.

இரண்டாவது பிணம், தயாரிப்பாளர் கோவிந்தராஜன். சொந்தப் படத்தில் ஒரு ஷாட்டாவது தலைகாட்ட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. காட்டிவிட்டார்.

மேக்கப் சந்திரம்மா குனிந்து அவர் மூக்கருகே விரலை வைத்தாள்.

"ஐயோ... மூச்சு இல்லப்பா! நெசமாவே பூட்டாரு!"

டைரக்டர் கவின் ஸ்கிரிப்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

கேமரா மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது...

2

இன்ஸ்பெக்டர் ரூபினி ஜீப்பிலிருந்து குதித்தாள். பின்னாலேயே ஹெட் கான்ஸ்டபிள் ரவிக்குமார். அவருக்கு முன்னால் அவருடைய தொப்பை.

ரவிக்குமார் சுற்றிலும் பார்த்தார். முகமெல்லாம் ரத்தத்தோடு நோரா. முகமெல்லாம் ரத்தத்தோடு கோவிந்தராஜன்.

"இதுல எது மேடம் நிஜ பாடி?"

"எழுந்து நிக்காதது."

போலீஸ் டாக்டர் நிமிர்ந்தார்.

"சயனைடு மாதிரி தெரியுது மேடம். முழுங்கியிருக்கார்."

முலாம் பூசவே சயனைடு வேண்டும்; முலாம் பட்டறையில் அதற்குப் பஞ்சமா? மூலையில் பழைய டப்பாக்கள் வரிசையாகத் தூசி தின்றுகொண்டிருந்தன. ரூபினி சந்திரம்மாவிடம் திரும்பினாள்.

"அக்கா, நீங்கதானே அவருக்கு ரத்தம் வெச்சது?"

"நெத்தியிலயும் கன்னத்துலயும் சட்டையிலயும்தான் மேடம். வாயாண்ட நான் கையே வெக்கல."

"வாயோரம் வழிஞ்சிருக்கே?"

"அது நான் வெச்சது இல்ல! என் ரத்தம் வெறும் சர்க்கரைப் பாகும் கலரும்தான். இந்தா பாருங்க!"

தடுப்பதற்குள் சந்திரம்மா ரத்த பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்துவிட்டாள்! ரவிக்குமார் இரண்டடி பின்னால் போனார்.

பத்து விநாடி... இருபது விநாடி...

"உயிரோடதானே கீறேன்?" என்றாள் சந்திரம்மா, வாயைத் துடைத்துக்கொண்டு.

கவின் ரூபினியைத் தனியாகக் கூப்பிட்டான். சேலத்துப் பையன். இரண்டு நாள் தாடி.

"சொல்லக் கூடாது மேடம். ஆனா சொல்லாம இருக்க முடியல. நோராவுக்கு இதுல பதினோரு வரி டயலாக் இருந்துச்சு. நேத்து கோவிந்தராஜன் சார் அதை மொத்தமா வெட்டிட்டாரு. 'வெறும் பிணமாப் படுத்துட்டுப் போகட்டும்'னாரு. பெரிய சண்டை. இன்னிக்கு அவரு பக்கத்துல, கை எட்டற தூரத்துல படுத்திருந்தது அவ மட்டும்தான்."

"நீங்க?"

"நான் மானிட்டர்கிட்ட இருந்தேன் மேடம்!"

3

நோரா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முகத்து ரத்தத்தைக் கழுவக்கூட யாரும் விடவில்லை.

அவளுடைய சினிமா வாழ்க்கையைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. பதினெட்டு வயதில் டிவியில் முதல் வேஷம்... குளத்தில் மிதக்கும் பிணம். அப்புறம் கார் டிக்கியில் பிணம். ஃப்ரீசரில் பிணம். குப்பைத் தொட்டியில் பிணம். ஆறு வருஷத்தில் எட்டு டிவி தொடர், ஒரு சினிமா. ஒன்பதிலும் பிணம்! 'என்னமா அசையாமல் கிடக்கிறாள்!' என்று பெயர் வாங்கினாள். வாங்கிய பெயரே வினையாகிப் போனது. உயிருள்ள வேஷம் கேட்டால் எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து அழைப்பு. முதல் எபிசோடில் பிணம்தான். ஆனால் பிளாஷ்பேக்கில் உயிரோடு, பதினோரு வரி தமிழ் வசனம்! மறு வாரமே விமானம் ஏறிவிட்டாள். ஈஜிபுராவில் கொடுத்த அறையில் உட்கார்ந்து, அர்த்தம் தெரியாமல், காதால் கேட்டுக் கேட்டே பதினோரு வரியையும் மனப்பாடம் செய்தாள்.

இப்போது வசனம் போச்சு. படம் போச்சு. தலைக்கு மேல் கொலைப் பழி வேறு.

"சண்டை போட்டது நிஜமா?" ரூபினி இங்கிலீஷில் கேட்டாள்.

"நிஜம். ஆனா மேடம், வசனத்தை வெட்டினதுக்குக் கொலை பண்றதா இருந்தா, எங்க ஊர்ல ஒரு புரொடியூசர் மிஞ்ச மாட்டார்."

"அவர் செத்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

நோரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"டேக் நடக்கும்போதே அவர் மூச்சு நின்னுபோச்சு. நான் கவனிச்சேன். 'அடடா, எனக்கே வராத நடிப்பா இருக்கே'ன்னு பொறாமைப்பட்டுட்டுக் கிடந்தேன்." முகத்து ரத்தத்தைப் புறங்கையால் தேய்த்தாள். "பக்கத்துல ஒரு மனுஷன் செத்துக்கிட்டிருந்தார் மேடம்... நான் ஷாட் கெட்டுடக் கூடாதுன்னு பார்த்துட்டிருந்தேன்!"

அழுதாள். ஒன்பது பிணத்துக்கும் சேர்த்து வைத்திருந்த அழுகை. ரூபினிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் கையை நீட்டி பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல ரூம்லயே இருங்க. நானே வந்து கூட்டிட்டு வரேன்."

4

மறுநாள் பதினோரு மணி. அதே பட்டறை. அதே ஆட்கள். அதே பாய்கள்.

"கோவிந்தராஜன் இடத்துல ரவி படுக்கட்டும்."

"நானா மேடம்? வீட்டுல தெரிஞ்சா..."

"சும்னே... பேசாமப் படு ரவி."

ரவிக்குமார் படுத்தார். பக்கத்துப் பாயில் நோரா படுத்துக் கண்ணை மூடினாள். அடுத்த விநாடியே பிணமானாள்! சந்திரம்மாவே ஒருமுறை பயந்து எட்டிப் பார்த்தாள்.

"நோரா, நேத்து ஷாட்டுக்கு முன்னாடி இங்க உங்க காதுல விழுந்ததைச் சொல்லுங்க" என்று இங்கிலீஷில் கேட்டாள் ரூபினி.

கவின் சிரித்தான்.

"அவளுக்குத் தமிழ் தெரியாது மேடம்."

"அர்த்தம்தானே தெரியாது? காது கேக்குமில்ல?"

கவினின் சிரிப்பு பாதியில் நின்றது.

வெளியே ஹோசூர் ரோட்டில் லாரி ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. மூடிய கண்ணோடு, ஒரு ஆம்பளையின் ஏற்ற இறக்கத்தில், நோரா வாயைத் திறந்தாள். ஆறு வருஷத்தில் முதன்முறையாக, ஒரு செட்டில், எல்லோரும் கேட்கப் பேசினாள்!

"வாயத் தொறங்க சார்... கொஞ்சம் கசக்கும்... அப்படியே முழுங்கிடுங்க!"

"கசக்கும்னு எவன் சொன்னான்?" கவின் கத்தினான். "'கொஞ்சம் இனிக்கும்'னுதானே சொன்..."

நிறுத்திக்கொண்டான்.

ரொம்ப லேட்!

அத்தனை தலைகளும் அவன் பக்கம் திரும்பின. பிணமாகக் கிடந்த ரவிக்குமார்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"திருத்தினதுக்கு தேங்க்ஸ் டைரக்டர் சார்!" என்றாள் ரூபினி. "நீங்க மானிட்டர்கிட்டதானே இருந்தீங்க?"

கவின் வாசலைப் பார்த்தான். அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றிருந்தார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"நாலு வருஷம் மேடம்... நாலு வருஷம் உக்காந்து எழுதின கதை! இந்த ஷெட்யூலோட என்னை அனுப்பிட்டு, 'டைரக்ஷன் கோவிந்தராஜன்'னு போட்டுக்குவாராம். என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு. சொல்லிட்டு, 'எனக்கும் ஒரு பொண வேஷம் குடுப்பா'ன்னு சிரிச்சாரு. குடுத்தேன்!"

விஷம் கலந்த ரத்த பாட்டில் ஜெனரேட்டர் வண்டிக்கு அடியில் கிடந்தது. அவனே கூட்டிப் போய்க் காட்டினான்.

5

ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் நோரா, கையில் பாஸ்போர்ட்டோடு. அதை விட மனசில்லாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ரவிக்குமாருக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

"பாஷையே தெரியாம எப்படி மேடம் அத்தனையும் ஞாபகம் வெச்சிருந்தாங்க?"

"யாரு ஞாபகம் வெச்சிருந்தா?"

"ஏனு? என்ன மேடம் சொல்றீங்க?"

"யாரோ தமிழ்ல பேசுனாங்கன்றதுக்கு மேல அவளுக்கு ஒரு வார்த்தை ஞாபகமில்ல. அந்த டயலாக் நான் எழுதுனது. காலைல சில்க் போர்டு சிக்னல் டிராஃபிக் ஜாம்ல ஒண்ணேகால் மணி நேரம் ரிகர்சல்!"

ரவிக்குமார் சீட்டில் முழுசாகத் திரும்பினார்.

"அப்ப அவன்மேல எப்படி சந்தேகம்...?"

"வேற யார் போய் 'வாயத் தொற'ன்னு சொல்லியிருந்தாலும் யூனிட்ல நாலு பேரு திரும்பிப் பார்த்திருப்பாங்க. டைரக்டர் சொன்னா? அது அவரு வேலைன்னு விட்டுடுவாங்க. என்ன சொல்லி முழுங்க வெச்சான்னு எனக்குத் தெரியாது. அதான் வேணும்னே ஒரு தப்பைப் போட்டு எழுதினேன். விஷத்தை எவனாவது கசக்கும்னு சொல்லிக் குடுப்பானா? டயலாக்ல ஒரு எழுத்து மாறினாலும் கவின் பொறுக்க மாட்டான்னு சந்திரம்மாக்கா நேத்தே சொல்லிச்சு."

நோரா முன்னால் எட்டிப் பார்த்தாள்.

"என்னைப் பத்தியா பேசறீங்க? சரியாச் சொன்னேனா மேடம்?"

"தப்பில்லாம தப்பாச் சொன்னே!" என்று ரூபினி இங்கிலீஷில் சொல்லி அவள் கையைத் தட்டினாள்.

நோராவின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து ரவிக்குமாரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால், ஹோசூர் ரோட்டு தூசி என்பார்.

பத்து நாள் கழிந்தது. அதற்குள் 'கொலைகாரனைப் பிடித்த பிணம்' என்று நோராவின் படம் உலகமெல்லாம் சுற்றி வந்துவிட்டது. ஏர்போர்ட் வாசலில் இருவரிடமும் விடைபெற்றுக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. அமெரிக்காவிலிருந்து ஏஜென்ட்!

பேசினாள். கத்தினாள். ரூபினியைக் கட்டிப்பிடித்தாள்.

"வேஷம் கிடைச்சிருக்கு மேடம்! பெரிய சீரிஸ்! மொத்தம் எட்டு எபிசோட். ஏழு எபிசோட் உயிரோட இருக்கேன்! பேசறேன், பாடறேன், சண்டை போடறேன்!"

"எட்டாவதுல?"

நோரா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பிணம்."

ரவிக்குமார் அவளுடைய பெட்டியைத் தூக்கி டிராலியில் வைத்தார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆறுதல் சொன்னார்.

"விடுங்க மேடம்... உங்களுக்காவது புரமோஷன் குடுத்துட்டுக் கொல்றாங்க. எங்க டிபார்ட்மென்ட்ல செத்த பிறகுதான் புரமோஷனே வரும்!"