எந்திரம் நிறுத்திய ஒன்பது மணி நேரம்

மாலை நான்கு மணிக்கே ஹம்பேர்க் இருட்டிவிட்டது. குருமூர்த்தியின் ஆபீஸ் அறையில், ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டியிருந்த வெப்பக் குழாய்க்குள், மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று தட்டு என்று ஒரு சத்தம், ஈரக் கம்பளியும் பழைய எண்ணெயும் கலந்த வாடையோடு, அரை மணி நேரமாக விடாமல் வந்துகொண்டிருந்தது. சனியன், சூடேறுகிற குழாய் சத்தம் போடத்தானே செய்யும் என்று பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சேயோனுக்குப் போன் போட்டான்.

"தம்பி, கட்டடத்தைச் சூடாக்கிற ஹைட்சுங்கைக் காலமையே நிப்பாட்டிட்டன். நாளைக்குக் குழாய் மாத்தப் போகினம். உள்ளுக்குச் சொட்டுத் தண்ணியும் இல்லை. மெயில் வரேல்லையோ?"

"வந்திருக்கும் அண்ணே. பாக்கல."

போனை வைத்தான். தட்டும் சத்தம் நிற்கவில்லை.

அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும். மூன்று, இடைவெளி, மூன்று. முதல் உலகப்போரில் நீர்மூழ்கிகளை வேட்டையாடிய ஆரம்பகாலப் படகுகள்தான் அவனுடைய ஆராய்ச்சி. 1917இல் ஒரு சின்ன பிரிட்டிஷ் ரோந்துப் படகு, ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின்மேல் இரண்டு ஆழ்குண்டுகளைப் போட்டது. பிறகு எந்திரத்தை நிறுத்தி, கடலடிச் சத்தம் கேட்கும் குழாயை இறக்கியது. சொந்த எந்திரம் ஓடினால் வேறொன்றும் காதில் விழாது. மேல்தளத்தில் ஆட்கள் பூட்ஸைக்கூடக் கழற்றிவிட்டு நிற்பார்கள். காது கொடுத்த மாலுமி கால் மணிக்கு ஒருதரம் நோட்டில் எழுதினான்: நீர்மூழ்கிக்குள்ளிருந்து மூன்று மூன்றாகத் தட்டுகிறார்கள். தட்டுகிறார்கள். ஒன்பது மணி நேரம்.

குண்டு விழுந்த கணமே எல்லாரும் செத்தார்கள் என்பது குருமூர்த்தியின் வாதம். மூன்று வருட உழைப்பு அதன்மேல்தான் நின்றது. அந்த ஒன்பது மணி நேரத்தையும் 'சொந்த எந்திரச் சத்தம்' என்று அட்டவணையில் போட்டுவிட்டான். நின்ற எந்திரத்துக்கு என்ன சத்தம்? ஒரு பேராசிரியரும் கேட்கவில்லை. பட்டம் வந்தது. வெட்கக்கேடு.

கீல் நகரத்து லிசாவுக்கு எண்பத்திரண்டு வயது. அவளுடைய தாத்தா அந்த நீர்மூழ்கியில் போனவர். அவர் கஷ்டப்பட்டாரா என்று கடிதத்தில் கேட்டிருந்தாள். இல்லை, நொடியில் முடிந்தது என்று இவன் பதில் போட்டான். நன்றி சொல்லி அவள் கேக் அனுப்பினாள். அதைத் தின்றுவேறு தொலைத்தான்.

குழாய் சட்டென்று அடங்கியது. போன் அடித்தது. லிசா.

"டாக்டர், மன்னியுங்கள். யாரோ என் வாசற்கதவைத் தட்டுகிறார்கள். மூன்று மூன்றாக. மணி இருக்கிறது, அதை அழுத்தவில்லை. நான் தனியாக இருக்கிறேன். உங்கள் குரலைக் கேட்டால் தைரியமாக இருக்கும்."

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"திறக்காதீர்கள்."

"ஏன்? யாரென்று தெரியுமா?"

தெரியும். ஐயோ, தெரியும். சொன்னால் பட்டம் போகும், வேலை போகும், விசா போகும். அதெல்லாம் போகட்டும். இந்த மனுஷியிடம் எந்த வாயால் சொல்வது? ஒன்பது மணி நேரம் தட்டினார்கள் அம்மா, நான் அழித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? கூச்சத்தில் உடம்பு குன்றியது. வாய் திறந்தது.

"இல்லை. பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும்."

"நீங்கள் சொன்னால் சரி. திறக்கிறேன்."

சங்கிலி.

தாழ்ப்பாள்.

கதவு.

தண்ணீர் சொட்டியது. பிறகு மூச்சு. ஒருவருடையது அல்ல.

"அம்மாடி, இத்தனை பேரா!" லிசாவின் குரல் தூரத்தில் கேட்டது. "இப்படி நனைந்துபோய்... உள்ளே வாருங்கள்."

ஈரக் காலடிகள். ஒன்று. இன்னொன்று. நிற்கவே இல்லை.

"லிசா! நான் பொய் சொன்னேன்! லிசா!"

"ஒரு நிமிஷம் டாக்டர்," அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். "தாத்தா உங்களோடு பேச வேண்டுமாம்."

போன் கை மாறியது.

போன் ஒட்டியிருந்த அவன் காதிலிருந்து குளிர்ந்த உப்புத் தண்ணீர் கழுத்தில் வழியத் தொடங்கியது.