பழுதில்லாத பிரேக்

செவ்வாய்க்கிழமை மதியம் அழைப்பு மணி அடித்தபோது ஆர்தர் ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு ஆண்டுகள் வாகன விபத்துகளை ஆராய்ந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதியவர். ஓய்வுக்குப் பிறகு பேச்சு இன்னும் குறைந்துவிட்டது. வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவர் மனைவி சத்தியவதி பேசினாள். கண்டோன்மென்ட் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் அவள். கணவரைத் தேடி யார் வந்தாலும் அவளுக்குத்தான் முதலில் உற்சாகம் வரும்.

வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். நனைந்த துப்பட்டாவைப் பிழியக்கூடத் தோன்றாமல் வாசலில் நின்றாள்.

"என் பேர் தேஜஸ்வினி. லோஹேகாவ்ல, ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் பக்கத்துல இருந்து வரேன், அங்கிள். உங்க சர்ச்ல கிரேக் இருக்கான்ல, அவன்தான் அனுப்பினான். வண்டியில பிரேக் பிடிக்கலைன்னு நீங்க எழுதித் தரணும்."

"முதல்ல உக்காரும்மா," என்றாள் சத்தியவதி.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னாள். கணவன் கோகுல்நாத் கோயம்புத்தூர்க்காரன். விமான் நகரில் ஐ.டி. வேலை. ஞாயிறுதோறும் பைக்கில் எங்காவது போவான். ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் சின்னக் கேமரா ஒட்டி, போகிற வழியைப் படம் பிடித்து இணையத்தில் போடுவான். போன ஞாயிறு மூன்று பேர் கடக்வாஸ்லா அணைக்குப் போனார்கள். கோகுல் தன் புது பைக்கில். நண்பன் கிரேக் அவன் பைக்கில். தேஜஸ்வினியின் அப்பா கந்தசாமி தன் பழைய புல்லட்டில். ஏர்ஃபோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். திரும்பும் வழியில் ஒரு கடையில் பஜ்ஜி சாப்பிட நிறுத்தினார்கள். அங்கிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கோகுலின் பைக் ஒரு சைக்கிள்காரர் மேல் மோதியது. தத்தோபா என்ற பால்காரர். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார்.

"பிரேக்கை மிதிச்சேன், பிடிக்கலைன்னு இவர் சொல்றார். ஆனா ஆர்.டி.ஓ. ஆளு வண்டியைச் செக் பண்ணிட்டு ரெண்டு பிரேக்கும் ஏக்தம் சரியா இருக்குன்னு எழுதிட்டார். இப்ப போலீஸ், இவர் வேகமா ஓட்டிட்டு ஜூட், பொய் சொல்றார்னு நினைக்குது. நாளைக்குப் பத்து மணிக்குப் போலீஸ் சௌக்கியில வாக்குமூலம். கையெழுத்துப் போட்டா அவ்வளவுதான், அங்கிள். அவர் பொய் சொல்ற ஆள் இல்ல."

ஆர்தர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"வீடியோ இருக்கா?" என்றார்.

இருந்தது. போலீஸுக்குக் கோகுல் கொடுத்ததன் நகல், இரண்டு நிமிடம். சத்தியவதி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கைபேசியை மேசைமேல் சாய்த்து வைத்தாள்.

படம் நடுச்சாலையில் தொடங்கியது. மழை. கறுப்பு ரெயின்கோட்டுக் கைகள், கையுறை போட்ட விரல்கள் எல்லாம் கைப்பிடிகளை இறுகச் சுற்றியிருந்தன. நடுவில் வேகம் காட்டும் எண் 58. பக்கத்தில் கியர் எண் 4. முன்னால் தூரத்தில் கிரேக்கின் பைக்கில் மாட்டிய சிவப்புப் பெட்டி. வலது கண்ணாடியில் புல்லட்டின் வட்ட விளக்கு மங்கலாகத் தெரிந்தது. இடப்பக்கச் சந்திலிருந்து இரண்டு பால் கேன்களோடு சைக்கிள் வெளியே வந்தது. ஒரு மூச்சு உள்ளே இழுபடும் ஓசை. கைகள் இன்னும் இறுகின. இன்ஜின் வீறிட்டது. கியர் எண் 3 ஆனது, மறுபடி வீறிட்டு 2 ஆனது. பின்சக்கரம் விலகி, வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது. பிறகு வானமும் மழையும் மட்டும்.

தேஜஸ்வினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சத்தியவதி மூன்று முறை பார்த்தாள். ஆர்தர் ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வெறும் ஓசையைக் கேட்டார்.

"இதுக்கு முந்தின பகுதி எங்கேம்மா?"

"கேமரா பெரிய வீடியோவைத் துண்டு துண்டாத்தான் சேவ் பண்ணும். முந்தின துண்டு அழிஞ்சு போச்சுன்னார்."

"அவர் பழைய வீடியோ ஏதாவது போடு."

நாற்பத்திரண்டு இருந்தன. கைக்கு வந்ததைப் போட்டாள். லோனாவ்லா சாலை, வெயில். அதே கையுறைகள், அதே கைப்பிடி. வலது கையின் இரண்டு விரல்கள் பிரேக் கம்பியின் மேல் லேசாகக் கிடந்தன. ஒரு நாய் குறுக்கே வந்தது. அந்த விரல்கள் மடங்கின. வண்டி குலுங்காமல் நின்றது. அடுத்ததிலும் அப்படியே.

"ரெயின்கோட், கையுறை எல்லாம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்," என்றாள் தேஜஸ்வினி, ஏதாவது பேச வேண்டுமென்று. "கேம்ப் பஜார்ல ஒரே கடையில. அப்பாவுக்கு ஒரு செட், இவருக்கு ஒரு செட்."

ஆர்தர் எழுந்து குடையை எடுத்தார்.

லோஹேகாவ் போகும் ஆட்டோவில் சத்தியவதி, தேஜஸ்வினிக்குக் கேட்காதபடி அவர் காதருகே குனிந்தாள். "கிரேக் பயதான் என்னமோ செஞ்சிருக்கான். பஜ்ஜி சாப்பிட நிறுத்தினப்போ பிரேக்கைக் கழட்டிவிட்டு, அப்புறம் வந்து மாட்டியிருக்கலாம்ல? அவனும் வீடியோ போடுறவன், கோகுலோட போட்டி."

"ரோட்டுல ஆள் செத்துக் கிடக்கையில உக்காந்து பிரேக் மாட்டினானா?"

"நான் சொன்னா உங்களுக்கு எப்பவும் கிண்டல்தான்."

"இல்ல சத்யா. கேள்வி சரி. நல்ல பிரேக் எப்படிப் பிடிக்காமப் போகும்?"

தேஜஸ்வினியின் வீட்டின் கீழே தகரக் கூரையடியில் புல்லட் நின்றது. நாற்பத்தைந்து வயது வண்டி, துடைத்துத் துடைத்து வைத்தது. ஆர்தர் குடையோடு அதைச் சுற்றி வந்தார். வலப்பக்கம் கிக்கரும் கியர் மிதியும். இடப்பக்கம் ஒற்றை மிதி. அதன் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. மழையில் குடையைச் சரியாகப் பிடிக்காமல் அங்கேயே நின்றார். சத்தியவதி இருமுறை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தார்.

மாடியில் கந்தசாமி சாய்வு நாற்காலியில் இருந்தார். எழுபது வயது, நிமிர்ந்த முதுகு. இடது காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டி, அதன்மேல் துண்டு போர்த்தியிருந்தார்.

"எழுந்திரிக்க முடியல, மன்னிக்கணும். மழைக்காலம்னா முழங்கால் பிடிச்சுக்கும்," என்றார்.

கோகுல்நாத் டீ கொண்டுவந்தான். அரைக்கைச் சட்டை. கண்கள் உள்ளே போயிருந்தன. கையில் ஒரு கீறல்கூட இல்லை.

"எதுக்குங்க சிரமம்," என்றான் ஆர்தரிடம். "நாந்தானுங்க ஓட்டுனேன். பிரேக்கு பிடிக்கல. அதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க."

"எந்தப் பிரேக்?"

அவன் ஒரு நொடி தயங்கினான். "மிதிக்கிற பிரேக்குங்க."

"கைப் பிரேக்?"

அவன் டீத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தான். வெளியே ஒரு போர் விமானம் கூரையை உரசுவது போலப் போனது. அந்த வீட்டில் யாரும் தலை நிமிரவில்லை.

ஆர்தர் கந்தசாமியிடம் திரும்பினார். "கீழ நிக்கிற வண்டி ரொம்ப நாளா உங்ககிட்ட இருக்கா?"

"எழுபத்தொன்பதுல எடுத்தது சார். இவ பிறக்கிறதுக்கு முன்னாடி. அதைத் தவிர வேற வண்டியைத் தொட்டதில்லை." சொன்ன பிறகு அவர் பார்வை டீ டம்ளருக்குப் போயிற்று.

ஆர்தர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். தேஜஸ்வினியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அங்கிள், எழுதித் தர முடியுமா, முடியாதா?"

"முடியாதும்மா. அந்தப் பிரேக்கை யாரும் தொடவே இல்லை."

அவர் அவள் கைபேசியை வாங்கி அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டார்.

"கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்க," என்றார் ஆர்தர், யாரையும் பார்க்காமல். "பிரேக் போட்டா இன்ஜின் சத்தம் அடங்கும். இதுல வீறிடுது, ரெண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் கியர் நம்பர் ஒண்ணு இறங்குது. வண்டி ஓட்டினவர் பிரேக்னு நினைச்சு ரெண்டு தடவை கியரை மிதிச்சிருக்கார். இந்த வண்டியில கியர் இடது கால்ல, பிரேக் வலது கால்ல. இப்ப வர்ற எல்லா வண்டியிலயும் அப்படித்தான். நிதானமா போறப்போ யாரும் மறக்க மாட்டாங்க. திடீர்னு ஒண்ணு குறுக்கே வந்தா மூளை வேலை செய்யாது, கால்தான் வேலை செய்யும். பல வருஷமா இடது காலால பிரேக் போட்டுப் பழகின கால், இடதைத்தான் மிதிக்கும்."

சத்தியவதியின் கை மெல்ல வாயருகே போனது. அவள் ஜன்னல் வழியே கீழே தகரக் கூரையைப் பார்த்தாள்.

"அந்தக் காலத்துப் புல்லட்ல பிரேக் இடது பக்கம்," என்றார் ஆர்தர். "கைப் பிரேக் பேருக்குத்தான் இருக்கும். அதை நம்பி யாரும் ஓட்டுனதில்லை. அதனாலதான் அந்த வீடியோவுல விரல் ஒண்ணுகூட பிரேக் கம்பிக்குப் போகலை. கோகுல் ஓட்டுன வீடியோ ரெண்டு பார்த்தேன். ரெண்டு விரல் எப்பவும் அது மேலதான் இருக்கு."

"அப்படி எல்லாம் இல்லீங்க," என்றான் கோகுல். குரல் உடைந்திருந்தது. "மழைங்க. கை வழுக்கிடுச்சு. நாந்தானுங்க."

"வண்டி இடது பக்கம் விழுந்துச்சு. உங்க உடம்புல ஒரு சிராய்ப்பு இல்ல, தம்பி."

யாரும் ஸ்டூலின் பக்கம் பார்க்கவில்லை. தேஜஸ்வினி மட்டும் பார்த்தாள். பிறகு எழுந்து போய், கேட்காமல், அப்பாவின் காலிலிருந்த துண்டை எடுத்தாள். கணுக்கால் முதல் முழங்கால் வரை கன்றிப்போயிருந்தது. ஒரு பக்கத்தில் தோல் உரிந்த நீளமான தடம். மஞ்சள் மருந்து பூசியிருந்தது.

அவள் கையிலிருந்த துண்டு தரையில் விழுந்தது.

"பஜ்ஜிக் கடையில நிறுத்தினோம்," என்றார் கந்தசாமி. "கிரேக் முன்னாடி கிளம்பிட்டான். புது வண்டி எப்படி இருக்குன்னு கேட்டேன். ஓட்டிப் பாருங்க மாமான்னு மாப்பிள்ளை சாவியைக் கொடுத்தார். மழை மூஞ்சில அடிக்கும்னு அவர் ஹெல்மெட்டையும் போட்டுவிட்டார். வீட்டுக்குப் போய் நாம எல்லாரும் பார்க்கலாம்னு கேமராவையும் ஆன் பண்ணினார். நான்... மிதிச்சேன். மறுபடி மிதிச்சேன். பிடிக்கலைன்னுதான் நினைச்சேன். பிடிக்கலைன்னுதான் அவர்கிட்ட சொன்னேன்."

"அதைத்தான் அவர் போலீஸ்ல அப்படியே சொன்னார்," என்றார் ஆர்தர். "அவரைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. ஓட்டினது யாருங்கிறதை மட்டும் மாத்தினார். முந்தின துண்டையும் அழிச்சார். வண்டி மாத்தினது அதுல இருந்துது."

தேஜஸ்வினி கணவனைப் பார்த்தாள். "ஏன்?"

"மாமாவுக்கு லைசென்ஸு போன வருஷமே முடிஞ்சு போச்சு தேஜு. கண்ணு ஆபரேஷன் ஆனதுக்கு அப்புறம் புதுப்பிக்கல. சாவியக் குடுத்தது நானு. கிரேக் திரும்பி வர்றதுக்குள்ள ஏதாச்சும் செய்யணும்னு... எழுபது வயசுங்கறப்ப உள்ள போனா..." அவன் முடிக்கவில்லை.

"பழியை நான் ஏத்துக்கறேன்னு நீங்க சொன்னீங்க. சரி." அவள் மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொன்னீங்க, அப்பா?"

கந்தசாமி தரையில் கிடந்த துண்டைப் பார்த்தார்.

"போலோ நா, அப்பா. சொல்லுங்க."

"சரின்னேன்," என்றார்.

சத்தியவதி எழுந்து தேஜஸ்வினியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"ரெண்டு ராத்திரியா இவர் தூங்கலை," என்றாள் தேஜஸ்வினி. அவள் குரலில் கோபமில்லை. ஒருவித வியப்புத்தான் இருந்தது. அதுதான் கேட்பதற்குக் கடினமாக இருந்தது. "ராத்திரி பூரா பால்கனியில நிக்கிறார். நான் எழுந்து எழுந்து பார்த்தேன். உங்க ரூம்ல குறட்டைச் சத்தம் கேட்டுச்சு. அப்பா நல்லாத் தூங்கட்டும், பாவம்னு கதவைச் சாத்திட்டு வந்தேன்."

கந்தசாமி நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார். இடது கால் மடங்கவில்லை. கோகுல் ஓடிவந்து தோளைக் கொடுத்தான். அவர் அதை மெதுவாக விலக்கினார்.

"நாளைக்கு எதுக்கு. இப்பவே போறேன்," என்றார்.

"போலீஸ்ல பொய் சொன்னதுக்கு நீங்களும் பதில் சொல்லணும், தம்பி," என்றார் ஆர்தர் கோகுலிடம். "சேர்ந்து போங்க. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. அந்தப் பால்காரர் வீட்டுல, எப்படிப் போனார்னு கேட்டுட்டு இருப்பாங்க. அவங்களுக்கு அதாவது தெரியட்டும்."

கந்தசாமி ஒவ்வொரு படியாக இறங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. கீழே தேஜஸ்வினி தெருமுனை வரை போய் ஆட்டோவைக் கூட்டிவந்தாள். டிரைவரிடம் ஹிந்தியில் இடம் சொன்னாள். அப்பா ஒரு பக்கம் ஏறினார். காலை மடக்க முடியாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். கணவன் மறுபக்கம் ஏறினான். நடுவில்தான் அவளுக்கு இடம்.

அவள் கொஞ்ச நேரம் மழையில் நின்றாள். பிறகு ஏறினாள். மூன்று பேர் உட்கார்ந்தால் ஆட்டோவில் தோள் படாமல் இருக்க முடியாது. அவள் முன்னால் நகர்ந்து இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்து, டிரைவருக்குப் பின்னாலிருந்த கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.