நிற்கத் தெரியாத தோல்

தோல் தட்டின் விளிம்பைத் தாண்டி ஏறியிருந்தது.

தீக்காயப் பிரிவின் பின்பக்கம் இருந்த வளர்ப்பறையில் அவள் எத்தனையோ பேருடைய தோலை வளர்த்துக் கொடுத்திருக்கிறாள். நோயாளியின் உடம்பில் தீ தொடாத ஓரிடத்திலிருந்து நகமளவு தோலை எடுத்து, செல்களைப் பிரித்து, பிளாஸ்டிக் தட்டில் இட்டு, அவற்றுக்கு உணவான இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டருக்குள் வைத்து, கைக்குட்டை அகலத்துக்குப் புதுத் தோலாக்கித் தருவது அவள் வேலை. மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்க்க அவளுக்கு அலுத்ததே இல்லை. ஒரு செல் உருண்டு திரளும். உள்ளே இருக்கும் இழைகள் இரண்டு பக்கமாக விலகும். இடுப்பு ஒடுங்கி ஒன்று இரண்டாகும். அந்த இரண்டும் மறுபடி பிரியும். இடம் நிரம்பி ஒன்றை ஒன்று தொட்டதும் நின்றுவிடும். புண் ஆறுவதும் அப்படித்தான். விளிம்புகள் நகர்ந்து வந்து சந்தித்ததும் வேலை முடிந்தது.

இந்தத் தட்டில் இருந்தவை நிற்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, சுவரைப் பற்றி, மூடியின் உட்புறத்தைத் தொட்டிருந்தன. மூடியைத் தூக்கியபோது, மருந்து வாசனை மட்டுமே இருக்க வேண்டிய அந்த அறையில் சிகரெட்டும் பழைய வியர்வையும் மணத்தன. ஒட்டியிருந்த சீட்டைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. அவள் கணவனுடைய தட்டு.

வேலை பார்த்த சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்து அவனைத் தூக்கிவந்தபோது அக்குள் மட்டும்தான் தப்பியிருந்தது. அங்கிருந்து எடுத்தார்கள். தோல் தயாராவதற்குள் அவன் போய்விட்டான். உயிரோடு இருந்தவரை 'அவர்' என்று சொல்லிவந்தவள், அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் 'அவன்' என்றாள். துணைக்கு வந்து தங்கியிருந்த தங்கை அதைக் கவனித்தாள். அக்கா எத்தனை முறை படியில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறாள் என்பதும், அந்த வீட்டில் படியே கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இதை இன்னுமா வெச்சிருக்கீங்க?" வளர்ப்பறையின் சீனியர் பின்னால் வந்து நின்றார். "ஆள் போனதுமே திரவம் மாத்துறதை நிறுத்தச் சொன்னேனே."

"அன்னைக்கே நிறுத்திட்டேன் மேடம்."

சீனியர் குனிந்து பார்த்தார். "அப்ப எதைத் தின்னுட்டு வளருது?"

"அவன் எப்பவுமே அப்படித்தான். யார் வீட்டு சோறுன்னெல்லாம் பாக்கமாட்டான்."

சிரிக்கலாமா கூடாதா என்று சீனியருக்குத் தெரியவில்லை. "ப்ளீச் ஊத்திக் கொன்னுடணும். நான் பண்ணட்டுமா?"

"வேண்டாம் மேடம். இது என் வேலை."

ஊற்றினாள். அது வெளுத்தது, சுருங்கியது, கடைசியாக ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. சுரண்டி எடுக்கும்போது தட்டு விரிசல் விட்டு, அதன் கூரான ஓரம் கையுறையைக் கிழித்து இடது மணிக்கட்டில் கீறியது. கழுவி மருந்து போட்டு பிளாஸ்திரி ஒட்டினாள். சின்னக் காயம்தான்.

மறுநாள் காலை பிளாஸ்திரியை உரித்தபோது காயம் இல்லை. காயம் இருந்த இடத்தில் கறுத்துத் தடித்த ஒரு கீற்றும், அதில் கம்பி போல ஒரு முடியும் இருந்தன.

"இவ்வளவு சீக்கிரமாவா ஆறும்?" என்றாள் தங்கை, அடுப்பிலிருந்து திரும்பி.

"ஆறினதோட நிக்கணும். அதான் விஷயம்."

நிற்கவில்லை. தோல் மருத்துவர் அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார். களிம்பைப் பூசினாள், முடியை மழித்தாள், பேனாவால் அதன் எல்லையைச் சுற்றிக் கோடு போட்டாள். விடிந்து பார்த்தால் கோடு உள்ளே போயிருக்கும், தோல் வெளியே வந்திருக்கும். உள்ளங்கையைப் பிடித்தது. விரல்களைப் பிடித்தது. கணுக்கள் பருத்தன. குளித்துவிட்டு வந்தாலும் அந்தக் கையில் சிகரெட் மணத்தது. பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்து, அது வேறு யாருடையதோ என்று பக்கத்து சீட்டுப் பெண் ஒதுங்கி உட்கார்ந்தாள்.

அவள் அழவில்லை. இந்த ஆளுக்காக அழுத கணக்கெல்லாம் முடிந்துவிட்டது. பயம் இருந்தது, ஆனால் அதற்கு மேலே வேறொன்று கொதித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு வருடம் கழித்துக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கப் பழகியிருந்தாள். அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து ஒரு சர்ஜிக்கல் பிளேடு கொண்டுவந்தாள். தங்கை கடையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சம் சமையல்மேடையைக் கடந்து மேஜை விளிம்புவரை வந்து தேங்கியது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமி நின்றது. குழாய் சொட்டும் சத்தத்துக்கு நடுவே தன் மூச்சு இரட்டையாகக் கேட்பது போல இருந்தது. இடது கையை மேஜைமேல் மல்லாக்க வைத்தாள். முழங்கைக்குக் கீழே கறுத்த தோல் முடிகிற விளிம்பில் பிளேடை வைத்தாள்.

"இந்த உடம்பு என்னுது," என்றாள் சத்தமாக.

கீறினாள்.

வலி வந்தது. ரத்தம் வரவில்லை. கீறலின் இரண்டு உதடுகளும் ஒன்றையொன்று தேடி நகர்ந்தன. ஈரத்தாள் ஒட்டுவது போல ஒரு சத்தம். மூடிக்கொண்டது. மறுபடி கீறினாள், ஆழமாக. மறுபடி மூடியது. இப்போது அந்த இடம் முன்னைவிடத் தடித்திருந்தது. வெட்ட வெட்ட வளர்கிறது. அவள் கொடுக்கும் ஒவ்வொரு காயமும் அதற்குச் சாப்பாடு.

விரல்கள் மடங்கின.

அவள் மடக்கவில்லை.

சுண்டுவிரல் முதலில். பிறகு ஒவ்வொன்றாக. கட்டைவிரல் மேலே வந்து அமர்ந்தது. முஷ்டி.

"அடிக்கப் போறியா?" பிளேடை இறுக்கிப் பிடித்தாள். "அடி. இந்தத் தடவை நான் படியில விழுந்தேன்னு சொல்லமாட்டேன்."

முஷ்டி பிரிந்தது. மேஜைமேல் கவிழ்ந்தது. விரல்களால் ஊன்றி ஊன்றி வந்தது. அவள் தோளையே பின்னால் இழுத்துப் பார்த்தாள். கை வரவில்லை. பாய்ந்து, பிளேடு பிடித்த வலது மணிக்கட்டைப் பற்றியது. எலும்பு நெறிந்தது.

வாசலில் சாவி திரும்பியது.

"அக்கா? ஏன் லைட் போடல?"

"உள்ள வராத."

"யாரோட பேசிட்டிருக்க?" தங்கையின் கை சுவரில் சுவிட்சைத் தேடித் துழாவும் சத்தம்.

வெளிச்சம் விழுந்தது. தங்கை சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கையிலிருந்த பை நழுவியது.

மேஜையில் அக்காவின் இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிடித்திருந்தன. இடது கை ஓர் ஆணுடையது. அதன் விரல்கள் அழுந்திய இடத்தில், வலது மணிக்கட்டின் வெளிர்ந்த தோல் புள்ளி புள்ளியாகக் கறுத்தது. ஒவ்வொரு புள்ளியும் நடுவில் ஒடுங்கியது. இரண்டானது. அவை மறுபடி ஒடுங்கின.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளேடை அவள் விடவில்லை.