ரோஸ்மைனி வீட்டு மூச்சுக் கருவி

பயாகும்பூ ஊரில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது நண்பகல்தான். ஆனாலும் மழை இருட்டில் முன்னறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்த ரோஸ்மைனி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆளுக்கு எவ்வளவு பெரிய உடம்பு?" என்றாள்.

"மேடான் நகரம் வரைக்கும் பஸ் ஓட்டினவர், எத்தெக். இப்ப பாதி உடம்புதான் மிச்சம்," என்றாள் யுஸ்னிடார், அவளைச் சித்தி முறை வைத்து.

யுஸ்னிடார் என் அண்ணன் ஷாஃப்ரிலின் மனைவி. நான் அண்ணனை ஊடா என்றும் இவளை ஊனி என்றும் கூப்பிடுவேன். அண்ணனுக்கு ஏஎல்எஸ் நோய். கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாய் அடங்கி, இப்போது நெஞ்சுத் தசைக்கு வந்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக் கருவி வர ஆறு வாரம் ஆகும், அவ்வளவு நாள் தாங்காது என்று டாக்டர் ஹெந்த்ரி சொல்லிவிட்டார். ரோஸ்மைனியின் கணவரும் இதே நோயில் போனவர். அவருக்காக வாங்கிய இரண்டு கருவிகள் அங்கே இருந்தன.

ஒன்று சின்னது, புதுசு போல மின்னியது. ஊனி அதைத்தான் தொட்டாள்.

"அது வேண்டாம் ஊனி," என்றேன். "அது குறட்டைக்காரங்களுக்கு. ஒரே வேகத்துல ஊதிக்கிட்டே இருக்கும். அதை எதிர்த்து மூச்சை வெளிய விட ஊடாவுக்குத் தெம்பு ஏது? இழுக்கும்போது கூட்டணும், விடும்போது குறைக்கணும். அவர் மூச்சு எடுக்க மறந்தா அதுவா குடுக்கணும்னு டாக்டர் சொன்னாரே."

"அப்ப இதுதான்." ரோஸ்மைனி மற்றதன் மேலிருந்த துணியை விலக்கினாள். சாம்பல் நிறம், பக்கத்தில் பேட்டரி. "கரண்ட் போனாலும் ஓடும். என் வீட்டுக்காரர் மறந்தப்பவெல்லாம் இதுதான் குடுத்துச்சு." துணியை நான்காய் மடித்தாள். "கடைசியிலயும் இது நிறுத்தல. நான்தான் நிறுத்தினேன்."

முகமூடி, குழாய், வடிகட்டி எல்லாவற்றையும் புதிதாக வாங்கினோம். நிமிஷத்துக்குப் பதினான்கு மூச்சு என்று டாக்டர் வைத்துக் கொடுத்தார். பல மாதங்களுக்குப் பிறகு அண்ணன் அயர்ந்து தூங்கினார். ஊனி அடுப்படியில் பாட்டு முணுமுணுத்தாள்.

எட்டாம் நாள், பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைப்பு கேட்ட நேரம். நான் கட்டிலருகே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

கருவியின் சத்தம் மாறியது.

குட்டையாய் இரண்டு மூச்சு. நீளமாய் ஒன்று. பிறகு மௌனம்.

அண்ணனின் மார்பைப் பார்த்தேன். அது அசையவே இல்லை.

குழாயைப் பிடித்தேன். காற்றைத் தள்ள மட்டுமே தெரிந்த கருவி அது. ஆனால் என் விரல்களுக்கு அடியில் குழாய் உள்பக்கமாய் ஒடுங்கியது.

அது இழுத்தது.

முகமூடியின் ஓரத்திலிருந்து கிராம்பு சிகரெட் வாடை. அண்ணன் புகைத்ததே கிடையாது.

"ஊடா!" தோளை உலுக்கினேன். மார்பு திடுக்கென்று எழுந்தது. கருவி பழையபடி ஓடியது.

எழுத்துப் பலகையை எடுத்தேன். நான் ஒவ்வொரு எழுத்தாய்த் தொட்டுப் போவேன், வேண்டிய எழுத்தில் அவர் கண் சிமிட்டுவார். வெகுநேரம் பிடித்தது.

எனக்கு முன்னாடி ஒருத்தர்.

"யாரு?"

தெரியாது. அவர் முடிச்சப்புறம்தான் எனக்கு மூச்சு.

ஊனியை அழைத்துக் காட்டினேன். "மூச்சு கம்மியானா மூளை குழம்பும்," என்றாள்.

"கழட்டிடலாம் ஊனி."

"கழட்டிட்டு? நீ வாயால ஊதுவியா?"

கருவியை மாற்ற வழி இல்லை. தினமும் அஸர் நேரத்தில் தோளைப் பிடித்தபடி காவல் இருந்தேன். முதலில் பத்து எண்ணும்வரை மூச்சில் இடைவெளி. பிறகு இருபது. ஒருநாள் முப்பதுக்கு மேல் எண்ணத் தைரியம் வராமல் உலுக்கிவிட்டேன்.

ஐந்தாம் வாரம் அந்த இடைவெளி நின்றது. நாள் முழுவதும் பதினான்கு, சீராக. தப்பித்தோம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக் கருவியும் வந்தது. பழையதைத் துடைத்து நானே திருப்பிக் கொண்டுபோனேன்.

ரோஸ்மைனி அதை ஓடவிட்டு, முகமூடியைக் காதோடு வைத்துக்கொண்டாள். அவள் முகம் மெல்ல வாடியது.

"இதுல என் வீட்டுக்காரர் இல்லையே," என்று கிசுகிசுத்தாள். "அவரை எங்கே விட்டுட்டு வந்தம்மா?"

மறுவாரம் டாக்டர் ஹெந்த்ரி அண்ணனின் மூச்சின் பலத்தை அளந்தார். மீண்டும் அளந்தார். அளவுக் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு மூன்றாம் முறையும் அளந்தார்.

"போன தடவை நூத்துக்கு முப்பத்திரண்டு. இப்ப அறுபத்தெட்டு. இந்த நோய்ல இப்படி ஏறி நான் பார்த்ததே இல்ல." சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு, பெரிய டாக்டரைக் கூப்பிட வெளியே ஓடினார்.

முகமூடி இல்லாமல் அண்ணன் மல்லாந்து கிடந்தார். மார்பு ஆழமாக, நிதானமாக ஏறி இறங்கியது. கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. பலகையை எடுத்தேன்.

மூச்சு விடுறது நான் இல்ல.

ஊனியும் படித்தாள். பலகையை என் கையிலிருந்து பிடுங்கித் தன் பைக்குள் திணித்தாள்.

"டாக்டர்கிட்ட வாயத் திறக்காத. மூச்சு வருதுல்ல? யாரோடதா இருந்தா என்ன?"

அண்ணன் என்னையே பார்த்து விடாமல் கண் சிமிட்டினார். தொட்டுக் காட்ட என்னிடம் எழுத்துகள் இல்லை.

அப்போது, ஒரு வருஷமாய்ச் சத்தமே எழும்பாத அந்தத் தொண்டை, பேசப்போகிறவரைப் போல மெல்லக் கனைத்துக்கொண்டது.